அந்தோணியண்ணன் சுற்றிய உலை

செய்தி வந்தபோது நான் துடியலூர்ச் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கைபேசியில் ஸ்டெல்லாக்காவின் பெயர். அந்தோணியண்ணன் தன் கைபேசியை வாரத்துக்கொரு முறை கழற்றிப் பார்ப்பவர் என்பதால், பெரும்பாலும் மனைவியின் கைபேசியில்தான் என்னை அழைப்பார். அந்த நினைப்பில், "என்னங்கண்ணா, மறுபடியும் உங்க போனைக் கழட்டிப் போட்டுட்டீங்களா?" என்றேன். எதிர்முனையில் அக்காவின் குரல் வந்தது. "அவரு போயிட்டாருங்க மேடம். பக்கத்து ஊட்டு மிக்ஸியச் சரி பண்ணிக் குடுத்துட்டு வந்து காபி கேட்டாரு. கொண்டாறதுக்குள்ள சேர்லயே தலை சாஞ்சுருச்சுங்க."

அந்த நேரத்தில் மனிதர்கள் கேட்கவேண்டிய கேள்விகள் எத்தனையோ இருக்கின்றன. என் வாயிலிருந்து வந்தது, "மிக்ஸி ஓடுச்சுங்களாக்கா?" என்பதுதான். கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அக்கா அழுகைக்கு நடுவே, "ஓடுச்சுங்க, நல்லா ஓடுச்சு. ஓட்டிக் காமிச்சுட்டுத்தான் வந்து உக்காந்தாரு" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. தக்காளியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் கல்லூரி இயற்பியல் துறையில் படித்தவர்கள், வேலை செய்தவர்கள் யாருக்கும் அந்தோணிராஜ் என்ற மனிதரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சோமனூரில் விசைத்தறி மெக்கானிக்காக இருந்து, எங்கள் துறைக்கு லேப் டெக்னீஷியனாக வந்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். இதைக் கண்ணீரோடு எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவரைப் பற்றி எதை நினைத்தாலும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அஞ்சலிக் கட்டுரையில் இவ்வளவு சிரிப்பா என்று யாராவது முகம் சுளித்தால், அவர்கள் அண்ணனோடு பழகாதவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் முனைவர் பட்டத்தை வாங்கிக்கொண்டு, தற்காலிக உதவிப் பேராசிரியராக அந்தத் துறைக்குள் நுழைந்த முதல் நாள், "ஸ்பின் கோட்டர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். கண்ணாடித் துண்டின்மேல் ஒரு சொட்டு மையை விட்டு, வேகமாகச் சுழற்றி, மெல்லிய படலமாகப் பரப்புகிற கருவி அது. அது இல்லாமல் என் ஆராய்ச்சியில் ஓர் அடி நகர முடியாது. துறைத்தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்தோணியண்ணன் மட்டும் என்னைப் பார்த்து, "அது என்ன பண்ணுமுங்க?" என்றார். சொன்னேன். "சுத்தணும், அவ்வளவுதானுங்களே? பண்ணிப்போடலாமுங்க" என்றார்.

ஒரு வாரத்தில் பழைய கணினியின் மோட்டாரைக் கழற்றி ஒரு தகர டப்பாவுக்குள் பொருத்திக்கொண்டு வந்தார். முதல் ஓட்டத்தில் கண்ணாடித் துண்டு பறந்து போய்ச் சுவரில் மோதி உடைந்தது. இரண்டாவது, துறைத்தலைவரின் காதுக்குப் பக்கத்தில் போனது. அண்ணன் அசரவில்லை. சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டு, "இதுக்குள்ளாற யாரும் நிக்காதீங்க. மெஷின் பழகற வரைக்கும் கொஞ்சம் கோவிக்கும்" என்றார். அந்த டப்பாவில்தான் என் முதல் நூறு படலங்களைப் பூசினேன். பிறகு விலை உயர்ந்த கருவி வந்தும்கூட, மாணவர்கள் டப்பாவைத்தான் முதலில் தேடுவார்கள்.

நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூரைகளில் பார்க்கும் கனமான சோலார் தகடுகள் சிலிக்கானால் ஆனவை. நாங்கள் முயன்றது கரிமச் சூரிய மின்கலம். பிளாஸ்டிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சேர்மத்தை மை போலக் கரைத்துக் கண்ணாடியில் பூசினால், வெயில் படும்போது அதில் எலக்ட்ரான்கள் பிறக்கும். பிறந்தவை அங்கேயே திரிந்து வீணாகாமல் ஒரு பக்கமாக வெளியேற வேண்டும். அதற்காக மைக்கு அடியில் துத்தநாக ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொருளை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குச்சிகளாக வளர்த்து ஒரு படலம் போடுவோம். அண்ணன் பார்வையாளர்களுக்கு இதைத் தன் பாணியில் விளக்குவார்: "கரண்ட்டு மேலே பொறக்குதுங்க. ஊருக்குள்ள வரதுக்கு ரோடு வேணுமில்லீங்க? இந்தப் பொடிதான் ரோடு."

அந்தச் சாலை தூய்மையாக இருந்தால் சோம்பேறியாக இருக்கும். அலுமினியமோ மெக்னீசியமோ வேறொரு உலோகத்தைக் கடுகளவுக்கும் குறைவாகச் சேர்த்தால் சுறுசுறுப்பாகும். பாடப் புத்தகத்தில் அதை மாசூட்டல் என்கிறார்கள். எதை, எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் என் ஆராய்ச்சி. வேறெந்த அழுக்கும் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பாத்திரத்தையும் அமிலத்திலும் வடிநீரிலும் மாற்றி மாற்றிக் கழுவுவோம். கழுவுகிற வேலை அண்ணனுடையது. "அழுக்கச் சேக்கறதுக்கு இத்தனை சுத்தமுங்களா?" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்பார். கேட்டுக்கொண்டே கழுவுவார்.

அவருக்கு என்மேல் கோபம் வந்து நான் பார்த்தது ஒரே விஷயத்துக்காகத்தான். ஆய்வுக்கூடத்தின் மூலையில் இருந்த மின் உலை. வாங்கியபோது வந்த கம்பிச்சுருள் எரிந்துபோக, புதிதாகத் தன் கையால் சுற்றிப் போட்டவர் அவர். அதை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. ஒரு முறை அவசரத்தில், உள்ளே சூடு ஆறுவதற்கு முன் நான் கதவைத் திறந்துவிட்டேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க என்னோடு பேசவும் இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது, "காய்ச்சலா இருக்கறவங்க போர்வைய இழுத்தா நல்லாருக்குமுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அதன்பின் அவர் இல்லாமல் உலையைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். வாக்கைக் காப்பாற்றவில்லை என்பதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையில் பாதியை எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் ஆயுதபூசை என்றால் பம்ப்செட் கம்பெனி முதல் பஞ்சர் கடை வரை எல்லா இயந்திரத்துக்கும் குளியலும் பொட்டும் உண்டு. எங்கள் ஆய்வுக்கூடமும் அப்படித்தான். பொரி, சுண்டல், வாழைக்கன்று, மாவிலை என்று ஊர்ப்பட்ட ஏற்பாடு நடக்கும். நுண்ணோக்கிக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம். உலைக்குப் பொட்டு வைப்பது மட்டும் அண்ணனின் உரிமை. அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். "நீங்க எதுக்குங்கண்ணா, வேற யாராச்சும் வெக்கட்டுமே" என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். அண்ணன் தட்டை விடவில்லை. "என் ஃபர்னஸ யாரும் தொடக் கூடாதுங்க. அதுவுமில்லாம, அதுக்கு ரெண்டு சாமியும் வேணுமுங்க. அந்தளவுக்குப் பழசு" என்றார்.

நான் சொல்லப்போகும் வருடத்தில், பூசை முடிந்ததும் அண்ணன் சோமனூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். தறிகளுக்கும் அன்று ஓய்வு, மறுநாள் விருந்து. எனக்கு ஓய்வு இல்லை. என் பணியை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழு இரண்டு மாதத்தில் வர இருந்தது. சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு முடிவும் கையில் இல்லை. இந்த முறை தவறினால் அடுத்த குழு எப்போது கூடும், கூடுமா என்றே யாருக்கும் தெரியாது. வீட்டில், "தோட்டங்காட்டையாவது பாத்துக்கலாம், எதுக்கு இந்தப் பாடு?" என்று அப்பா ஜாடையாகப் பேச ஆரம்பித்திருந்தார்.

எனவே விஜயதசமி அன்று காலை கோயிலுக்குப் போய்விட்டு, பட்டுச் சேலையோடு நேராகக் கல்லூரிக்கு வந்தேன். எதைத் தொடங்கினாலும் நல்லபடியாக வரும் நாள் என்று ஒரு நப்பாசை. காவலாளியிடம் சாவி வாங்கினேன். பூசைத் தட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துத் துத்தநாக உப்பைக் கொட்டி, மூடி, அண்ணனின் உலைக்குள் வைத்து, சுவிட்சைப் போட்டேன். கிண்ணத்துக்குள் பார்த்தேனா என்றால், பார்க்கவில்லை. கிண்ணங்கள் எப்போதும் கழுவித்தான் இருக்கும். அண்ணன் இருக்கும்போது அதைச் சரிபார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது.

அந்தப் பொடியில் செய்த மின்கலங்களை அளந்தபோது நான் கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். நாங்கள் அதுவரை செய்த எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அண்ணன் மீட்டரை மாற்றினார், கம்பியை மாற்றினார், விளக்கை மாற்றினார். முள் இறங்கவில்லை. "வந்துருச்சுங்க மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு பேக்கரிக்குப் போய்த் தேங்காய் பன் வாங்கிவந்து, துறையில் இருந்த அத்தனை பேருக்கும், மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவருக்கும்கூட ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்.

பன்னைத் தின்றுகொண்டே கேட்டார்: "இந்தப் பொடிய எப்பங்க சுட்டோம்?"

பூசைக்கு முதல் நாள் என்றேன். அவர் மாவிலை கட்டுவதில் மும்முரமாக இருந்ததால் கவனிக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் இல்லாமல் உலையைத் தொட்டதை மறைக்க அந்த நேரத்துக்கு எளிதாகத் தோன்றிய பொய் அது. "அப்படிங்களா, இருக்குமுங்க" என்று உடனே நம்பிவிட்டார். அது எனக்குப் பெரிய சௌகரியமாக இருந்தது.

அந்தப் பொய் வளர்ந்த விதம்தான் அழகு. அடுத்த முறை செய்தோம், வரவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. மூன்றாவது முறைக்கு அண்ணன் துப்பறியும் வேலையில் இறங்கிவிட்டார். அதே உப்பு பாட்டில், அதே தண்ணீர், அதே தராசு. பூசைக்கு முதல் நாள் தூறல் போட்டதென்று நினைவு வைத்து, தூறலுக்காக நாலு நாள் காத்திருந்தார். ஒரு நாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "ஏனுங்க மேடம், அன்னிக்கு என்ன சேலை கட்டியிருந்தீங்க? நூலு தூசி ஏதாச்சும் உளுந்துருக்குமோன்னு பாக்கறேன்" என்றார். பட்டு என்று சொன்னால் எந்த நாள் என்று தெரிந்துவிடும். "சாதாரணப் பருத்தி வாயில் சேலைங்கண்ணா" என்றேன். மறுநாள் ஒரு வாயில் சேலைத் துண்டை எங்கிருந்தோ கொண்டுவந்து, அதிலிருந்து நூல் பிரித்துக் கிண்ணத்துக்குள் போட்டுப் பார்த்தார் அந்த மனிதர். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனாலும் குழுவிடம் காட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதினேன். ஒரு முறை வந்தது வந்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏன் வந்தது என்பதற்கு, படிகத்தில் ஆக்ஸிஜன் அணுக்கள் விடுபட்ட இடங்கள் காரணம் என்று ஒரு விளக்கம். எங்கள் துறையில் எதற்கும் பொருந்துகிற விளக்கம் அது. தலைவலி மாத்திரை மாதிரி. அண்ணன் எட்டிப் பார்த்து, "இன்னொருக்கா வராததுக்கு முன்னாடி எழுதலாமுங்களா?" என்றார். நான், "ஃபர்னஸை நீங்க பாருங்க, எழுதறதை நான் பாத்துக்கறேன்" என்றேன். இத்தனை வருடம் கழித்தும், நான் பேசிய வாக்கியங்களில் திரும்பப் பிடித்து விழுங்க முடிந்தால் எதை விழுங்குவாய் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கிண்ணங்களைக் கழுவப் போனார்.

குழு வந்தது. சென்னையிலிருந்து நிபுணராக ஓர் அம்மையார். வெள்ளை முடி, பருத்திச் சேலை, சிரிக்காத முகம். எங்கள் துறைத்தலைவர் அவருக்குப் பின்னால் கைகட்டி நின்றார். நான் படங்களைக் காட்டி, ஆக்ஸிஜன் கதையைச் சொல்லி முடித்தேன். அம்மையார் எழுந்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனிடம் போனார்.

"இதையெல்லாம் கையால் செய்வது நீங்கள்தானா?"

"ஆமாங்கம்மா. மேடம் சொல்றத செய்யறதுங்க."

"இந்த ஒன்று மட்டும் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு அம்மையாரைப் பார்த்தார். "தெரியலீங்கம்மா" என்றார். "அதே மாதிரி மூணு தடவை செஞ்சு பாத்துப்போட்டோமுங்க. வரலீங்க. எனக்குத் தெரியலீங்க. மேடத்துக்குத் தெரிஞ்சிருக்குமுங்க."

அவர் என்னை மாட்டிவிடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். கையில் அந்தச் சேலை நூலோடு அவர் நின்றது கண்முன் வந்தது. துறைத்தலைவர் அம்மையாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கண்ஜாடை காட்டினார், ஏதாவது சொல்லிச் சமாளி என்று.

நான் சொன்னேன். "எனக்கும் தெரியவில்லை. மறுபடி வரவே இல்லை. அந்தப் பொடி நான் விஜயதசமி அன்று, இவர் ஊரில் இல்லாதபோது, இவருக்குத் தெரியாமல் செய்தது. இவரிடம் வேறு நாளைச் சொல்லிவிட்டேன். இவர் அந்தத் தவறான நாளை வைத்துக்கொண்டுதான் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கிறார்."

அண்ணனின் முகம் சிவந்தது. குழு, நிபுணர், என் வேலை எதுவும் அவர் கண்ணில் இல்லை. "ஏனுங்க மேடம், நானில்லாம ஃபர்னஸத் தொட்டீங்களா?" என்றார்.

"தொட்டேங்கண்ணா."

"பூசைக்கு மறுநாளுங்களா?" அவர் குரல் மாறியது. "எந்தக் கிண்ணமுங்க எடுத்தீங்க?"

"தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்ததில் ஒன்று."

"கழுவுனீங்களா?"

"நீங்கள் கழுவித்தானே வைத்திருப்பீர்கள்?"

அந்தோணியண்ணன் விளக்கை மேசைமேல் வைத்தார். பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அம்மணி, அது பூசை போட்ட கிண்ணமுங்க. பூசை போட்டத மறுநாள் வரைக்கும் கழுவக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். வெளிய சந்தனம் வெச்சா எரிஞ்சு ஃபர்னஸ் தரையெல்லாம் கறையாயிருமின்னு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சிட்டிகை துன்னூறு வெச்சிருந்தேனுங்களே."

வெள்ளைக் கிண்ணத்தில் வெள்ளைத் திருநீறு. அதன்மேல் நான் கொட்டியதும் வெள்ளை உப்பு. அமிலத்தில் கழுவி, வடிநீரில் கழுவி, கையுறை போட்டு, இரண்டு வருடமாக நாங்கள் தேடிய மாசு, எங்கள் சொந்தப் பூசைத் தட்டிலிருந்து வந்திருக்கிறது. முதலில் சிரித்தது அந்த அம்மையார்தான். சிரிக்காத முகம் என்று எழுதினேனே, அந்த முகம் அப்படி விரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. துறைத்தலைவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருமினார். கடைசியில் நானும் சிரித்தேன். சிரித்தபடியே அழுதேன் என்றும் சொல்லவேண்டும்.

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் திருநீறு இன்னும் மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டார். அண்ணன் அலமாரியைத் திறந்து சம்புடத்தை எடுத்து நீட்டினார். அம்மையார் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "இது என்னவென்று கண்டுபிடித்த பிறகு என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, என் தாளில் 'முடிவு ஒத்திவைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நிராகரிப்பு இல்லை, வேலையும் இல்லை. எல்லோரும் போனபின் நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "வெசனப்படாதீங்க மேடம். தப்பு எங்கிருக்குதுன்னு தெரிஞ்சு போச்சில்லீங்க? இனி அதும் நம்ம சாமான்தானுங்க" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா ஃபர்னஸத் தொட்டது தப்புத்தானுங்க" என்றார்.

அதற்கடுத்த மாதங்களைப் போல ஒரு சந்தோஷமான காலம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. எங்கள் ஆய்வுக்கூடம் சாம்பல் கடையாகிவிட்டது. அந்தத் திருநீறு, அண்ணனின் தெருவில் ஒரு பெரியவர் சாணத்தை உருட்டிக் காயவைத்துச் சுட்டு எடுத்தது. அதைப் போட்டால் மின்கலம் ஓடியது. கடையில் வாங்கிய வாசனைப் பொட்டலத்தைப் போட்டால் படுத்துவிட்டது; சோதித்ததில் அது முக்கால்வாசி கல்மாவு. அண்ணனுக்குக் கோபம். "சாமியக்கூட ஏமாத்தறாங்களே" என்று அந்தப் பொட்டலத்தை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, நான் மாதிரி வேண்டும் என்றதும் கீழே போய்ப் பொறுக்கிவந்தார். தேங்காய்த்தொட்டிச் சாம்பல், டீக்கடை அடுப்புச் சாம்பல், வேப்பங்கட்டைச் சாம்பல் என்று தினம் ஒரு பொட்டலம் கொண்டுவருவார். கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் சாம்பல் புதன் நெருங்கியபோது, "உங்க கோயில் சாம்பலையும் பாத்துடலாமாங்கண்ணா?" என்று சீண்டினேன். "அது நெத்திக்குங்க. ஃபர்னஸுக்கு இல்லீங்க" என்று முடித்துவிட்டார்.

சாம்பலில் இருந்த பொட்டாசியம்தான் வேலை செய்தது என்பதைக் கடைசியில் பிடித்தோம். பிறகு சாம்பலை ஒதுக்கிவிட்டு, பொட்டாசியம் உப்பைத் தூய்மையாக வாங்கி, தராசில் நிறுத்து, கழுவிய கிண்ணத்தில் சேர்த்தோம். வந்தது. மறுநாள் வந்தது. மழையில் வந்தது, வெயிலில் வந்தது, நான் எந்தச் சேலை கட்டினாலும் வந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் அண்ணன் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். சுவர் நிறைந்தபின்தான் கட்டுரை எழுத அனுமதி கொடுத்தார். உண்மையாகவே அவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதினேன்.

அதில் அவர் பெயரையும் போட்டேன். "எம் பேரு எதுக்குங்க? பூசாரின்னு போடுவீங்களா?" என்று சிரித்தார். முதல் கிண்ணத்தில் என்ன நடந்தது என்பதைச் செய்முறைப் பகுதியில் மறைக்காமல் எழுதினோம். மதிப்பீட்டாளர் ஒருவர், இத்தனை வருடத்தில் இவ்வளவு நேர்மையான செய்முறைப் பகுதியைப் படித்ததில்லை, ஆனால் அந்தப் பூசை ஏன் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நடக்கிறது என்று கேட்டிருந்தார். அதைப் படித்துக் காட்டியபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மையார் மறுபடி வந்தார். சுவரில் இருந்த கோடுகளை விரல் வைத்து எண்ணினார். என் பணி நிரந்தரமானது. அடுத்த ஆயுதபூசையிலிருந்து அண்ணன் ஒரு கிண்ணத்தைப் பொட்டு வைப்பதற்கென்றே தனியாக ஒதுக்கி, அதன்மேல் 'தொடாதீர்' என்று சிவப்பில் எழுதி வைத்தார். என் பக்கம் திருப்பி வைத்திருந்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் பழைய மாணவர்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பறந்த கண்ணாடியைச் சொன்னவர்கள், சாம்பலைச் சொன்னவர்கள். ஒரு கட்டத்தில் சிரிப்புச் சத்தம் அதிகமாகி, சாமியார் திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லாக்கா, "சிரிக்கட்டுமுங்க பாதர், அவருக்கு அதுதான் புடிக்கும்" என்றார்.

அடுத்த வாரம் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரிக்கு நான் நிபுணராகப் போகவேண்டியிருந்தது. தற்காலிகமாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் பணியை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கும் குழு. போக மனமில்லை; ஆனால் தேதியை மாற்ற முடியவில்லை. அந்தப் பெண் படங்களைக் காட்டினாள். நல்ல முடிவுகள். ஒரேயொரு வளைகோடு மட்டும் மற்றவற்றைவிட எக்கச்சக்கமாக உயர்ந்திருந்தது. ஆக்ஸிஜன் விடுபட்ட இடங்கள் காரணம் என்றாள். கதவோரம் நீலக் கோட்டுப் போட்ட லேப் டெக்னீஷியன் அம்மா ஒருவர் நின்றிருந்தார். எழுந்து அவரிடம் போனேன்.

"இதை நீங்கதானுங்களா செஞ்சீங்க? இது மட்டும் ஏனுங்க இப்படி வந்துச்சு?"

அந்த அம்மா தரையைப் பார்த்தார். "மேடம் சொன்னாச் சரியா இருக்குமுங்க" என்றார்.

நான் திரும்ப உட்காரவில்லை. அங்கேயே நின்றேன். கல்லூரி முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணே எழுந்து வந்தாள். "நீங்க சொல்லுங்கக்கா" என்று அந்த அம்மாவிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கே தெரியலீங்க மேடம். இன்னொரு தடவை வரலீங்க" என்றாள். சொல்லிவிட்டு, எல்லாம் போயிற்று என்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தோணியண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று சொல்லி இந்தக் கட்டுரையை முடிக்கவேண்டும். நான் அந்தப் பெண்ணின் தாளை இழுத்து, 'பணி நிரந்தரத்துக்குப் பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காரணம் எழுதும் இடத்தில், 'தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார்' என்று எழுதினேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் இருவரையும் உட்காரச் சொன்னேன். "சரி, அன்னிக்குக் காலையில இருந்து என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றேன்.